நடுப்பகல் ஓட்டமும் நான் அம்மனைத் திட்டிய நாளும்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மாரியம்மனுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கோபத்தை மறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும்.

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. நன்றாக ஓடுவாள். போன சித்திரையில் மழையே இல்லை. தேயிலை கருகியது. பகலில் மலையில் எங்களாலேயே நிற்க முடியவில்லை. அந்த வெயிலில்தான், போட்டி வருகிறது என்று பாடசாலைப் பிள்ளைகளை நடுப்பகலில் ஓடவிட்டார் பயிற்சி மாஸ்டர். இடையில் தண்ணீர் குடிக்கவும் கூடாது. காலையில் வைக்கலாமே என்று கேட்டேன்.

"வெயில்ல ஓடினாத்தான் உடம்பு இறுகும். ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார்.

அன்று மைதானத்துக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். என் கண்முன்னே தர்ஷினி தள்ளாடி விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு தோசைக்கல்லாய்ச் சுட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. ஏதேதோ உளறினாள்.

"மயக்கம்தான். நெழல்ல போடுங்க" என்றார் மாஸ்டர். வாகனம் கேட்டேன். பாடசாலை அதிபரிடம் கேட்க வேண்டுமாம்!

நானும் அவளுடைய தோழியும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. எனக்கு வெறி பிடித்தது. வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒனக்குக் கண்ணு இல்லையா? வருஷா வருஷம் தீச்சட்டி தூக்கினேனே! எறக்குடி இந்தச் சூட்ட! இப்பவே எறக்கு!"

அதுதான் என் பிரார்த்தனை.

வளைவில் ஒரு மீன் லொறி திரும்பியது. கையை நீட்டியதும் நின்றது. பதுளை பஸாரில் மீன் விற்கும் முஸ்லிம் ஒருவர் இறங்கினார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏத்துங்க தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

லொறியின் பின்கதவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நானா, ஐஸ்! ஐஸ் குடுங்க!"

அவர் யோசிக்கவே இல்லை. மீனை ஒதுக்கித் தள்ளி, அவளை ஐஸுக்கு நடுவில் கிடத்தினார். வழியெல்லாம் கழுத்திலும் அக்குளிலும் அள்ளி அள்ளி வைத்தேன். என் விரல்கள் மரத்துப்போயின.

"வழியிலயே சூட்ட எறக்கிட்டீங்க. இல்லாட்டி புள்ள தப்பியிருக்காது" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை தர்ஷினி கண் திறந்தாள். "அம்மா, ஏன் எம்மேல மீன் நாறுது?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

மாஸ்டர் பார்க்க வந்தார். "எல்லாம் விதிம்மா" என்றார்.

"விதி இல்ல சார். நடுப்பகல்ல ஓடவிட்டது நீங்க."

அதுவரை எந்த சாரையும் நான் நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. அதோடு விடவும் இல்லை. மற்றத் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றபடியே பேசினோம். சம்மதிக்கும்வரை நகரவில்லை. இப்போது பயிற்சி காலையில் நடக்கிறது. மைதானத்தில் தண்ணீர் இருக்கிறது. தர்ஷினி மறுபடி ஓடுகிறாள். மாஸ்டர் மட்டும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அம்மனைத் திட்டியது பாவம் என்கிறார்கள் சிலர். பிள்ளை கத்தினால் எந்தத் தாய் கோபித்துக்கொள்வாள்? அவள் ஐஸோடு வந்தாள்.

உங்களுக்கும் ஆபத்து வந்தால் நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கத்திக் கேளுங்கள். அவள் வருவாள். அவள் காப்பாற்றிக் கொடுத்த பிறகு, அநியாயம் செய்தவரைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.