தட்டில் ஊற்றிய கஷாயம்

"இரண்டாம் நிலை ஆய்வுக்கூட உதவியாளர். அதிகம் பேசாதவர். ஆய்வு முடிவுகளை வெளியில் சொல்லாதவர். புற்றுநோய் ஒழிப்புப் பணியில் தம்மை முழுமையாக ஈடுபடுத்திக்கொண்டவர்." மூலிகை ஆய்வு நிறுவனத்தின் ஆண்டு மலரில், செல்லம்மாவின் புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. புகைப்படம் அவருடையதுதான்.

ஒழிப்புப் பணியை முதலில் எடுத்துக்கொள்வோம். இலை, வேர், பட்டை ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களைப் புற்றுநோய்ச் செல்களின் மேல் விட்டு, அவை சாகின்றனவா என்று பார்ப்பது அந்த நிறுவனத்தின் தொழில். சாவதற்கு முன்னால் அவை உயிரோடு இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு செல்லம்மாவுடையது. உடற்சூட்டில் இருக்கும் பெட்டிக்குள், பிளாஸ்டிக் தட்டுகளில், அவற்றை வளர்த்தார். பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக இளஞ்சிவப்புத் திரவம் ஊட்டினார். தட்டில் நெருக்கடி வந்தால் பாதியைப் பிரித்து வேறு தட்டில் குடிவைத்தார். புற்றுநோயை ஒழிக்கத் தொடங்கிய இடத்தில் புற்றுநோய்க்கு வேளாவேளைக்குச் சோறு போட்ட ஒரே ஆள் அவர்தான். பெட்டிக் கதவை யாராவது திறந்தபடி நின்றால், "மூடுங்கடா, என் புள்ளைங்களுக்கு ஆகாது" என்று கத்துவார். மாணவர்கள் அவருக்குச் செல்லம்மா என்று பெயர் வைத்தது அதனால்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

அதிகம் பேசாதவர் என்பதை எழுதிய எழுத்தர் அவரை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வாய் ஓயாது. சொல்கிற செய்திக்குக் கொஞ்சம் ஜரிகை வைத்துச் சொல்வதும் வழக்கம். வடிகால் ஓரத்தில் தானாக முளைக்கும் ஒரு செடியின் சாறு குடல் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது என்று நிறுவனத்தின் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். (செடியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு அது எந்த வடிகாலிலும் மிஞ்சாது.) கட்டுரையில் பத்திக்குப் பத்தி, தட்டில், தட்டில் என்று எச்சரிக்கையாக எழுதியிருந்தார். குடும்பத்தார் கூடியிருந்த ஒரு மதியம் செல்லம்மா அந்தத் தட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கதையைப் பரிமாறினார். "ஒரே நாள்! வழிச்சுத் தொடைச்ச மாதிரி போயிடுச்சு."

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். தையற்காரர். குடலில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அந்த மதியத்துக்குப் பிறகு அவர் ஊசிக்குப் போகவில்லை. செடியைப் பறித்துக் கஷாயம் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி தொலைபேசியில் அழுத பிறகுதான் செல்லம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. ஓட்டமும் நடையுமாகத் தையற்கடைக்குப் போனார்.

"அண்ணே, உனக்கென்ன கிறுக்கா? ஊசிய விட்டுட்டுத் தழையக் குடிக்கிற!"

"நீதானே பாப்பா சொன்ன, வழிச்சுத் தொடைச்ச மாதிரின்னு?"

"அது தட்டுல! தட்டுல சோப்புத் தண்ணி ஊத்தினாக்கூட சாகும்."

"நான் சோப்பா குடிக்கிறேன்?"

"ஐயோ, அது வேலைக்கு ஆகாதுண்ணே."

அண்ணன் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். "உங்க ஆபீஸ்ல வெளிய சொல்லக் கூடாதுன்னு மிரட்டிட்டாங்களா? பரவால்ல, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மறுக்க மறுக்க அந்தச் செடிக்கு மவுசு ஏறியது. வாழ்நாளில் முதல்முறையாக ஜரிகை இல்லாத உண்மையைச் சொல்கிறார், அதை ஒருவரும் நம்பவில்லை. வேறு வழியில்லாமல், "நீ காய்ச்சினதை எடுத்துக்கிட்டு வா. உன் எதிர்லயே ஊத்திக் காட்டுறேன்" என்றார். தட்டு எதையும் நிரூபிக்காது என்று அதுவரை வாதாடியவர் கடைசியில் சாட்சிக்குக் கூப்பிட்டதும் அதே தட்டைத்தான்.

பேருந்து ஓட்டுநரான கணவர் இதைக் கேட்டதும் ஒரு வழி சொன்னார். "செல்லு செத்துட்டா உங்கண்ணன் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்ப மாட்டாரு. பேசாம தண்ணிய ஊத்திட்டுக் கஷாயம்னு சொல்லிடு. புளுகுறது உனக்கென்ன புதுசா?"

"வாயால என்ன வேணா சொல்லுவேன். தட்டுல பொய் சொல்ல வராது எனக்கு."

பேராசிரியர் அனுமதி தந்தார். பார்வையாளர் அட்டையும் வெள்ளை மேலங்கியும் அணிந்து அண்ணன் உள்ளே வந்ததும் முதலில் ஆராய்ந்தது மேலங்கியின் அக்குள் தையலை. "யாரு தைச்சது இதை? கையைத் தூக்கினா கிழிஞ்சிடும்."

செல்லம்மா கஷாயத்தை நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். ஒரு வரிசைத் தட்டுகளில் குடல் புற்றுநோய்ச் செல்கள். இன்னொரு வரிசையில் நோயில்லாத தோல் செல்கள். இரண்டிலும் ஒரு தட்டுக்குக் கஷாயத்தைக் கெட்டியாகவே விட்டார். அடுத்ததற்கு, ஒரு டம்ளர் குடித்தால் ரத்தத்தில் அதிகபட்சம் எவ்வளவு கலக்குமோ அந்த அளவுக்கு நீர்க்கச் செய்து விட்டார். மூன்றாவதற்கு மருத்துவமனையில் அண்ணனுக்கு ஏற்றிய அதே மருந்து.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். நுண்ணோக்கியில் முதல் தட்டைப் பார்த்ததும் துள்ளினார். "செத்துக் கெடக்கு! பாத்தியா பாப்பா?"

"பாத்தேன். இப்ப இதைப் பாரு. இது நல்ல செல்லு."

அதுவும் செத்துக் கிடந்தது.

"இது, நீ குடிச்சா ரத்தத்துல போய்ச் சேர்ற அளவு ஊத்தினது."

அண்ணன் குனிந்தார். தட்டு முழுக்கப் புற்றுநோய்ச் செல்கள் இடைவெளியில்லாமல் தழைத்திருந்தன. தாம் வளர்த்தவை இத்தனை செழிப்பாக இருப்பதைப் பார்த்து வருத்தப்பட்டது செல்லம்மாவுக்கு அதுவே முதல் தடவை.

"மங்கலா தெரியுதே" என்றார் அண்ணன், நம்பிக்கையை விட மனமில்லாமல்.

"பக்கத்துல குமிழ் இருக்கு, மெதுவாத் திருகு."

திருகினார். விரல் நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. குமிழ் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினார், அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே. சட்டைப் பித்தானை இருட்டிலும் தைக்கிற கை அது.

"அண்ணே, கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணே."

"ஊசி போட ஆரம்பிச்சதுலேர்ந்து மரத்துப்போச்சு. தையல் ஊசி விரல்ல ஏறினாக்கூடத் தெரியல. துணியில ரத்தம் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். கை போயிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"உயிரக் காப்பாத்துறவர்கிட்டப் போய் விரலு மரத்துடுச்சுன்னு சொன்னா என்ன நெனைப்பாரு? உன் செடி வந்துச்சு, நிம்மதியா போச்சு."

செல்லம்மா மூன்றாவது தட்டுகளை வைத்தார். மருத்துவமனை மருந்து பட்ட புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலானவை உருண்டு மிதந்தன. தோல் செல்களிலும் சில சுருங்கியிருந்தன.

"இது நல்லதையும் கொஞ்சம் அடிக்குதே?"

"அடிக்கும். அதனால அளவைக் குறைப்பாங்க, வேற மருந்து மாத்துவாங்க. ஆனா நீ வாயத் தொறந்து சொன்னாத்தான்."

"நீ வந்து சொல்லு. எனக்கு வெக்கமா இருக்கு."

அந்த ஆண்டு பேராசிரியருக்கு ஒரு விருது கிடைத்தது, செடிக்கு. நிறுவனம் மலர் வெளியிட்டது. செல்லம்மா அந்த ஆய்வில் பங்களித்ததாகவும் அதில் ஒரு வரி உண்டு. அவர் செய்தது வேறு. அண்ணனோடு மருத்துவமனைக்குப் போய், அவர் விரல் மரத்துப்போனதை மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் மருந்தை மாற்றி எழுதினார். அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை செல்லம்மா அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.