பட்டியலக்கா நீக்கிய வரி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, மடிக்கணினியைத் திறந்துவிட்டால், முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அவள் 'பட்டியலக்கா'.

சொந்தமாக வலைத்தளம் நடத்த நினைப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள்களின் பட்டியல் ஒன்றை அவள் இணையத்தில் பராமரித்துவந்தாள். வலைப்பூ எழுத, சிற்றிதழ் நடத்த, படங்களை அடுக்க என்று, மென்பொருளுக்கு ஒன்றாக நானூற்றுச் சொச்சம் வரிகள். யார் வேண்டுமானாலும் ஒன்றைப் பரிந்துரைக்கலாம். அவள் அதை நிறுவி, ஓட்டிப் பார்த்து, யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை எழுத்து விடாமல் படித்த பிறகே சேர்ப்பாள். பட்டியலைத் தொடங்கிய நூலகர், "கொஞ்ச நாள் பாத்துக்கோம்மா" என்று கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி எட்டு வருஷமாகிவிட்டது.

படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றை எழுதியவரை, பட்டியலைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழுவில் 'படக்காரர்' என்பார்கள். யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் உதவுகிறவர். அவர் ஒரு நாள் தன் உரிமத்தை மாற்றினார்: தனியாட்களுக்குத் தடையில்லை, நிறுவனங்கள் மட்டும் அனுமதி பெற வேண்டும். எல்லாருக்கும் தடையின்றி இருப்பதுதான் திறந்த மூலம்; அப்படிப் பிரித்துவிட்டால் பட்டியலின் விதிப்படி அதற்கு இடமில்லை. அவள் அந்த வரியை நீக்கினாள். மனசு கேட்கவில்லை, ஆனாலும் நீக்கினாள்.

மறுநாள் குழு கொதித்துக் கிடந்தது. பட்டியலின் பக்கங்களை மொழிபெயர்த்துத் தரும் ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஒரு நல்ல மனுஷனோட உழைப்ப ஒரே சொடுக்குல தூக்கிட்டீங்க. உங்கள யாரு தேர்ந்தெடுத்தது?" பதினேழு பேர் அதை ஆமோதித்திருந்தார்கள்.

எட்டு வருஷ உழைப்பைச் சொல்லி நீளமாகப் பதில் அடித்தாள். பிறகு முழுவதையும் அழித்தாள். கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் அவள் கணவர் பக்கத்தில் ஒரு ஊசித்தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விதிப்படிதானே செஞ்ச?"

"விதிப்படிதாங்க. ஆனா விதிக்கு அர்த்தம் சொல்றதும் நான், நிறைவேத்துறதும் நான், தப்புன்னு யாராவது சொன்னா விசாரிக்கிறதும் நானேதான்."

"அப்போ விட்டுடு. தலைவலி மிச்சம்."

"விட்டா யார் கைக்குப் போகும்? அதிகமா கத்துறவங்க கைக்கு."

"உங்க லேபுல எப்படி?"

"ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம ஒரு குழாய் நகராது" என்றவள், தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல நிறுத்தினாள்.

முதலில் படக்காரரைக் கூப்பிட்டாள்.

"கோவமா இருக்கீங்களா தம்பி?"

"இல்லக்கா. நீங்க எடுத்தது சரிதான். ஒரு பெரிய கம்பெனி என் மென்பொருள அப்படியே எடுத்து, பேர மாத்தி விக்குது. அதுல வர்ற குறைய மட்டும் சரிபண்ணச் சொல்லி எனக்கு அனுப்புறாங்க. நானும் எத்தன நாளைக்குத்தான் பொறுக்குறது?"

அழைப்பை முடித்துவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். விதியும் சரி, இவர் செய்ததும் சரி என்றால் தவறு எங்கே என்று வெகுநேரம் யோசித்தாள்.

அந்த வாரம் அவள் ஒரு பக்கத்துக்கு விதிமுறை எழுதிக் குழுவில் வைத்தாள். இனிப் பொறுப்பாளர்கள் மூன்று பேர். எதையும் சேர்க்க, நீக்க இருவராவது சம்மதிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தேர்தல். முதல் தேர்தலில் அவளும் நின்றாள். நான்கு வாக்கில் தோற்றாள். ஜெயித்த மூவரில் அவளைக் கேள்வி கேட்ட அந்த மொழிபெயர்ப்பாளரும் ஒருவர்.

கடவுச்சொல்லை ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. யாராவது தன்னிடம் 'நீங்களே இருங்க' என்று சொல்வார்கள் என உள்ளூர எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

புதிய மூவரின் முதல் முடிவு வந்தது. நீக்கிய வரி நீக்கியபடியே இருக்கும். ஆனால் உரிமம் மாறிய மென்பொருள்களுக்குத் தனிப் பக்கம், மாறிய காரணத்தோடு. மொழிபெயர்ப்பாளர் அவளுக்குத் தனியாக எழுதினார்: "உரிமத்த முழுசா இப்பதான் படிச்சேன் அக்கா. பட்டியல்ல வைக்க வழியில்ல." மன்னிப்பு என்று எதுவும் இல்லை. தனிப் பக்கம் வைக்கும் யோசனை தனக்கு ஏன் தோன்றாமல் போனது என்பதுதான் அவளை உறுத்தியது.

பிறகு ஒரு முறை, விளம்பரம் காட்டும் மென்பொருள்களைச் சேர்க்கலாமா என்று மூவருக்குள் தகராறு. அவள் வேண்டாம் என்று காரணத்தோடு எழுதினாள். எடுபடவில்லை; சேர்க்கலாம் என்றே முடிவானது. அன்று, யாரோ பரிந்துரைத்தும் சோதிக்க ஆளில்லாமல் கிடந்த ஒரு சிற்றிதழ் மென்பொருளைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு, நிறுவத் தொடங்கினாள்.