கடையம் பார்ட்டி

எங்கள் அப்பாவுக்குக் கைராசி உண்டு என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவர் எடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் படித்த பிள்ளை கண்டிப்பாக வேலைக்குப் போய்விடும் என்று பேச்சு. தென்காசியில் கோயில் கோபுரம் தெரிகிற ஒரு தெருவில் அப்பா சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். அந்தக் கைராசி சொந்தக் கடைக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று ராசி சொன்னவர்கள் யாரும் கடைசிவரை சொல்லவில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டிகளில் அச்சடித்திருப்பதையெல்லாம் வாசிப்பேன். லேப்டாப்களின் மாடல் நம்பர்கள் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். தனியாக இருக்கும்போது ஒப்பித்தால் அப்பா சிரிப்பார். கடையில் ஆள் இருக்கும்போது ஒப்பித்தால் மட்டும் என்னை டீ வாங்க அனுப்பிவிடுவார்.

விலை கேட்டு வருகிறவர்களுக்கு அப்பா ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கம்பெனி பேர், ராம், ஹார்டு டிஸ்க், விலை எல்லாம் அதில் இருக்கும், மாடல் நம்பர் இருக்காது. அப்பாவுக்கு மறதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பெரியப்பா மகனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். குற்றாலத்தில் வீடு, சீசனுக்கு வாடகைக்கு விட மாடியில் நாலு ரூம். ஒரு சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். எந்த கீபோர்டு சீக்கிரம் தேயும், எது சூடாகும், ஹாஸ்டலுக்குத் தூக்கிப் போக எது கனமில்லாமல் இருக்கும் என்று அப்பா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. டீயும் வடையும் வந்தன.

"இவன் ஆன்லைன்ல வாங்கணும்ங்கான். படத்தைப் பாத்துப் பொண்ணு கட்டுத மாதிரில்லா இருக்கு அது! கடைன்னா தொட்டுப் பாக்கலாம், ஒண்ணுன்னா உன் சட்டையைப் பிடிக்கலாம்" என்றார் பெரியப்பா.

பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பிடித்தது, காட்டுவதற்காக வைத்திருந்த பீஸ். திருநெல்வேலிக்குப் போய்ப் புதுப்பெட்டி எடுத்து வருவதாக அப்பா சொன்னார். அட்வான்ஸ் கேட்கவில்லை, கூடப்பிறந்தவரிடம் எந்த வாயால் கேட்பார்? சீட்டு எழுதிக் கொடுத்தார். அதிலும் நம்பர் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் நானும் அருவியில் குளித்துவிட்டுப் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டோம். அம்மா பெரியம்மாவோடு அடுக்களையில் இருந்தபோது பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் அண்ணன் போனை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டி, நேத்து உங்கப்பா காட்டுனாம்லா, அந்த லேப்டாப்பு நம்பரு உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவா! நடுவில் வருகிற கோடு, கடைசியில் வருகிற இரண்டு எழுத்து வரை ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணன் தட்டியதும் அதே லேப்டாப் போனில் வந்து நின்றது. அப்பா சொன்னதைவிட விலை குறைவு, கார்டுக்குத் தள்ளுபடி வேறு. "உங்கப்பனுக்கு இல்லாத மூளை உனக்கு இருக்குட்டி" என்று பெரியப்பா என் தலையைத் தடவினார். ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் கிடைத்தது. அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், பெட்டி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அப்பாவுக்கு ஏதோ பரிசு வரப்போகிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பாக்கெட் சிப்ஸுக்கு விலைபோனவள் நான்.

அப்பா புதன்கிழமையே திருநெல்வேலிக்குப் போய்ப் புதுப்பெட்டியை எடுத்து வந்து, தூசி விழாமல் துண்டு போட்டு மூடி வைத்துவிட்டார். எடுத்த சரக்கை அங்கே திருப்பி வாங்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பெரியப்பாவும் அண்ணனும் கூரியரில் வந்த பெட்டியோடு கடைக்குள் நுழைந்தார்கள்.

பெரியப்பா கூசவே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. "கோவிச்சுக்கிடாத தம்பி, பய அவசரப்பட்டு ஆன்லைன்ல போட்டுட்டான். ஆனா உன் கை ராசியான கைல்லா? நீ பிரிச்சு எடுத்துக் குடுத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்று பெட்டியை மேசைமேல் வைத்தார்.

அப்பா எழுந்துபோய்க் கையைக் கழுவினார். ஊதுபத்தி கொளுத்தி, பெட்டியைப் பிரித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் லேப்டாப்பை எடுத்து அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அப்பாவின் காலில் விழுந்து கும்பிட்டான். அப்புறம் அப்பா உட்கார்ந்து, படிப்புக்கு வேண்டியதையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தார். கடையில் வாங்கினால் பை ஒன்று உண்டுதானே என்று பெரியப்பா கேட்டார். பையும் கொடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, நம்பரைச் சொன்னதே நாந்தாம்பா!" என்று கத்தினேன்.

அப்பா திரும்பினார். "எல்லா எழுத்தும் சரியாச் சொன்னியா?"

"ஒண்ணுகூடத் தப்பில்ல."

"கெட்டிக்காரி" என்றார். அன்றைக்கு என்னை நாலு அடி அடித்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

கிளம்பும்போதுதான் துண்டு போட்டு மூடிய பெட்டி பெரியப்பா கண்ணில் பட்டது. "இது ஆருக்குலே?"

"கடையம் பார்ட்டிண்ணே. அந்த ஊருக்காரரு ஒருத்தர் சொல்லி வச்சிருக்காரு" என்றார் அப்பா.

பெரியப்பா நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு விளங்கியிருக்கும். விளங்காத மாதிரி படியிறங்கிப் போக ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது அவருக்குப் பிறவியிலேயே உண்டு.

நான் கடையம் பார்ட்டியை நம்பினேன். வெள்ளை வேட்டியோடு யார் படியேறினாலும் அவர்தானோ என்று எட்டிப் பார்ப்பேன். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, அறுப்பு முடிந்ததும் வருவார் என்றார் அப்பா. அறுப்பும் முடிந்தது. அதற்குள் புது மாடல்கள் வந்து, துண்டுக்கு அடியில் இருந்த பெட்டி பழசாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் லேப்டாப்பைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, போனை நீட்டி, இந்த விலைக்கு ஆன்லைனில் கிடைக்கிறதே என்றார்கள். மறுவருஷம் அப்பா கடையைக் காலி செய்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேபில் வேலைக்குச் சேர்ந்தார்.

இப்போது பெரியப்பா புலம்புகிறாராம். சீசனுக்கு வருகிறவர்கள் மாடியேறி ரூமையும் பாத்ரூமையும் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று போனில் வேறு இடம் புக் பண்ணிக்கொண்டு போகிறார்களாம். கேட்டதும் நான் நன்றாகச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

கடையைக் காலி செய்த அன்றைக்குக் கடைசியாக வீட்டுக்கு வந்த சாமான், துண்டு போட்டு மூடிய அந்தப் பெட்டிதான். அப்பா கையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் அதை என்னிடம் கொடுத்தார். எங்கள் வகுப்பில் ஒருத்தியிடமும் லேப்டாப் கிடையாது. நான் வீடு முழுக்கக் குதித்தேன். அம்மா ஏன் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"கடையம் பார்ட்டி வேண்டாம்னுட்டாராப்பா?"

"ஆமாட்டி. அவருக்கு வேற எங்கனயோ கிடைச்சிட்டாம்."

நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். முகம் தெரியாத அந்தக் கடையம்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.