சம்பாலா ஒலித்த வீடு

எங்கள் வீட்டில் ஆங்கிலப் பாட்டுக்குத் தடை இருந்தது. அத்தடையை விதித்தவர் என் தந்தையார். அவரே ஒருநாள் பிற்பகலில், அத்தகைய பாட்டொன்றைத் தெருவெல்லாம் கேட்கும்படி ஒலிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொண்டார். அவரை அறிந்த எவரும் இதை நம்பமாட்டார்கள். அருகில் நின்றிருந்த நானும் முதலில் நம்பவில்லை.

அப்போது நாங்கள் பெங்களூரில் லிங்கராஜபுரத்தில் குடியிருந்தோம். தந்தையார் மாநில அரசு ஊழியர். அலுவலகத்தில் கன்னடத்தைக் குற்றமறப் பேசுவார். மேலதிகாரிகள் தம் கடிதங்களை அவரிடம் காட்டித் திருத்திக்கொள்வதுண்டு. ஆனால், வீட்டு வாயிலைக் கடந்ததும் தனித்தமிழுக்கு மாறிவிடுவார். அவர் இருக்கும்போது அம்மா பேருந்தில் போவாள். அவர் இல்லாதபோது பஸ்ஸில் போவாள். வாயிலில் தேக்குப் பலகையொன்றில் ‘தமிழ்க்குடில்’ என்று பித்தளை எழுத்துகள் பதித்து மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைப் புளியிட்டுத் துலக்குவது என் வேலை.

மாடியறையில் என் தாய்மாமன் தங்கியிருந்தார். கிறித்தவ வீட்டுத் திருமணங்களில் கித்தார் வாசிப்பது அவருடைய தொழில். தந்தையார் அதைத் தொழிலென்று ஒப்புக்கொண்டதில்லை. மாமாவிடம் ஒலிநாடாக்கள் பல இருந்தாலும், அவர் உயிராகப் போற்றியது ஒரேயொரு பாட்டைத்தான். எழுபதுகளில் அயல்நாட்டு வானொலிகள் ஓயாமல் ஒலிபரப்பிய பாட்டு அது. கல்லூரி நாள்களில் அதைக் கேட்டபிறகே கித்தாரைக் கையிலெடுத்ததாகச் சொல்வார். நண்பர் ஒருவரின் இசைத்தட்டிலிருந்து அதை ஒரு நாடா முழுவதும் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்திருந்தார்.

அப்பாட்டு சம்பாலா என்னும் நாட்டைப் பற்றியது. பனிமலைகளுக்கு நடுவே, தாமரை இதழ்கள் சூழ்ந்தாற்போல் மறைந்திருக்கும் நாடு அது என்று திபெத்தியப் பௌத்தர்கள் நம்புவதாக மாமா எனக்கு விளக்கியிருந்தார். நெஞ்சில் பகை உள்ளவன் கண்ணுக்கு அந்நாட்டு வழி தென்படாதாம். உலகப்படத்தில் அதைத் தேடி நான் சலித்துப்போனேன். தந்தையாரோ, "பௌத்தம் பற்றிப் படிக்கலாம், எழுதலாம். இப்படிக் கூச்சலிட வேண்டியதில்லை" என்று இரண்டே சொற்றொடர்களில் பாட்டையும் மாமாவையும் முடித்துவிட்டார். அன்றுமுதல் மாமா காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கண்களை மூடித் தலையசைத்தபடி தனியே கேட்பார். பார்ப்பதற்குச் சாமி வந்தவர்போல் இருப்பார்.

அவ்வாறிருக்கையில், காவிரி நீரைப் பங்கிடுவது பற்றிய ஆணை வெளியானதையொட்டி நகரில் கலவரம் மூண்டது. பள்ளி மூடப்பட்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஊர்திகளைக் கொளுத்துகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவுக்கு ஒன்றும் வராது என்று தந்தையார் சொன்னார். முப்பதாண்டுகளாக வாழ்கிறோம், நம்மை அறியாதவர் யார் என்றும் கேட்டார்.

மறுநாள் நண்பகலில் எதிர்வீட்டு அம்மையார் பின்வாசல் வழியாக வந்தார். அவர் கன்னடர்; அவருடைய கணவர் என் தந்தையாரோடு பணியாற்றியவர். வந்தவர் உட்காரவில்லை.

"சார், மொதல்ல அந்த போர்டு தெகெதுபிடி. பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டாங்க. தமிழ்ப் பாட்டு, தமிழ் ரேடியோ ஒண்ணும் ஹாகபேடி. கொழந்தைய வெளிய விடாதீங்க" என்று, பலகையைக் கழற்றும்படியும் தமிழ்ப் பாட்டு எதுவும் போடவேண்டாமென்றும் இரு மொழியும் கலந்து தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வந்த வழியே விரைந்து சென்றார்.

 தந்தையார் திருப்புளியை எடுத்துக்கொண்டு வாயிலுக்குச் சென்றார். பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் எழுத்துகள் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்.  அவர் மாடிப்படி ஏறியபோது பின்தொடர்ந்தேன்.

"அந்தப் பாட்டைப் போடு" என்றார் மாமாவிடம்.

மாமா புரியாமல் பார்த்தார். அக்காள் கணவரை அவரும் மாமா என்றுதான் அழைப்பார். "எந்தப் பாட்டு மாமா?"

"உன் பாட்டு. தெருவுக்குக் கேட்கவேண்டும். சன்னலைத் திறந்து வை."

"அது கூச்சல்னு சொன்னீங்களே."

"ஆமாம். இப்போது கூச்சல்தான் வேண்டும்."

மாமாவின் முகம் கறுத்தது. "வேற இங்கிலீஷ் கேசட் எதாச்சும் போடறேன். இது வேணாம். இத நான் இதுக்கெல்லாம் போடமாட்டேன்."

"வேறு எது உன்னிடம் முழுநேரம் இடைவிடாமல் ஓடும்? மற்ற நாடாக்களெல்லாம் வானொலியிலிருந்து பதிந்தவை. நடுவில் அறிவிப்பாளன் எவனாவது தமிழில் பேசித் தொலைப்பான்."

கீழிருந்து அம்மா வந்துவிட்டாள். "டேய், அவர்கூட மல்லுக்கு நிக்கிற நேரமாடா இது? புள்ளைய பாரு. போட்றா" என்றாள்.  மாமா பதிவுக்கருவியைக் கீழே கொண்டுவந்து கூடத்துச் சன்னலருகே வைத்து விசையை அழுத்தினார்.

இவ்வாறு, எங்கள் வீட்டில் முதன்முறையாக ஆங்கிலப் பாட்டு உரக்க ஒலித்தது. தந்தையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தண்டனை பெற்ற மாணவனைப்போல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் வாய்திறக்கக் கூடாதென்று சைகையால் உணர்த்தினார். தமிழ் பேசக்கூடாதென்று என் தந்தையார் எனக்கு ஆணையிட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். எனக்கு அழுகை வந்தது. எந்த மொழியில் அழுவதென்று தெரியாமல் அடக்கிக்கொண்டேன்.

பாட்டு முடிந்து மீண்டும் தொடங்கிய இடைவெளியில் தெருவில் யாரோ ஓடிவரும் ஓசை கேட்டது. ஓசை எங்கள் வாயிலில் நின்றது. கம்பிக்கதவின் தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்தது. அம்மா என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். தந்தையார் தாமே கைநீட்டி ஒலியைக் கூட்டினார். தாழ்ப்பாள் மேலும் அசையவில்லை. ஓடிவந்த கால்கள் சற்றுநேரம் தயங்கின. பிறகு வந்த திசையிலேயே திரும்பி ஓடின. மூச்சை விட்டோம். தந்தையார் மாமாவை நோக்கி மெல்லத் தலையசைத்தார். அவர் மாமாவைப் பாராட்டி நான் பார்த்த முதல் தடவை அது.

அதற்குச் சற்றுப் பின்னரே கூட்டம் வந்தது. சன்னல் திரையின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது அரக்கர்களை. வந்தவர்களோ, பால்நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களைப் போன்ற இளைஞர்கள். ஒருவன் எங்கள் கதவருகே நின்று காதுகொடுத்துக் கேட்டான். கையிலிருந்த கழியால் கதவுக் கம்பியைத் தட்டத் தொடங்கினான். உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பாட்டின் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தான். தாளம் பிசகவில்லை. பகைவர் வழி காணமுடியாத நாட்டின் பாட்டை அவன் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தான்.

"இங்கிலீஷ்நோர் மனெ கணோ. நடீரோ" என்று இன்னொருவன் சலிப்போடு அழைத்தான். ஆங்கிலக்காரர் வீடு, புறப்படுங்கள் என்று பொருள். கழிக்காரன் பாதியில் நிறுத்த மனமில்லாதவனாய்ப் பாட்டின் அந்த வரி முடியும்வரை தட்டிவிட்டுப் போனான். சிறிது நேரத்தில் தெருமுனையிலிருந்து புகை எழுந்தது. கூக்குரல் ஏதேனும் எழுந்திருந்தால் அது எங்களுக்குக் கேட்கவில்லை. பாட்டு அத்துணை உரக்க ஒலித்தது.

மறுநாள் காவலர்கள் வந்தபின் தெரு அடங்கியது. காலையில் எங்கள் வாயிலில் துணி தேய்ப்பவர் நின்றார். திருவண்ணாமலைப் பக்கத்தவர், தெருமுனைப் புங்கமரத்தடியில் தள்ளுவண்டி வைத்திருந்தார். அவருடைய வலக்கை தோள்வரை கட்டப்பட்டிருந்தது. நெற்றியில் தையல். அம்மா பதறிப்போய், "உள்ள வாங்கண்ணா" என்றாள். அவர் வரவில்லை.

"சாரோட சட்டைங்க எல்லாம் வண்டியோட எரிஞ்சி போச்சும்மா. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சட்டை கிடக்கட்டும். கை என்ன ஆயிற்று?" என்றார் தந்தையார்.

"வெரலு மூணு ஒடஞ்சிருக்காம் சார். இனிமே பொட்டி புடிக்க முடியுமான்னு பாக்கணும்றாங்க. எதிர்வீட்டம்மாதான் ரத்தத்தோட உள்ள இழுத்துப் போட்டு கதவ சாத்துனாங்க. இல்லன்னா பொண்டாட்டி புள்ளையும் போயிருக்கும்."

தந்தையார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துணி தேய்ப்பவர் முந்திக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்க ஊர்ல இல்லாம போனீங்க சார். எப்ப திரும்பி வந்தீங்க?"

"நாங்கள் எங்கும் போகவில்லையே."

துணி தேய்ப்பவர் விழித்தார். "இங்கதான் இருந்தீங்களா? அவனுங்க வரதுக்கு முன்னாடி நான் கொழந்தய தூக்கிக்கினு இங்கதான சார் ஓடியாந்தேன். நம்ம வீடாச்சேன்னு. தாப்பாள்லகூட கைய வெச்சிட்டேன். பாத்தா போர்டக் காணோம். உள்ள இங்கிலீஷ் பாட்டு ஓடுது. சரி, சாரு போர்டையும் கழட்டிக்கினு ஊருக்குப் போயிட்டாரு, வேற யாரோ உள்ள இருக்காங்கன்னு திரும்பிட்டேன். தெரியாதவங்க வூட்ட போயி எப்பிடித் தட்றது?"

அவர் சொன்னதில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. தம் அறியாமையை எண்ணிச் சிரிக்கவும் முயன்றார். நெற்றித் தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தந்தையார் கதவுக் கம்பியைப் பற்றிக்கொண்டார். தமிழில் அவர் அறியாத சொல்லே இல்லை என்று நான் நம்பியிருந்தேன். அன்று அவருக்கு ஒரு சொல்லும் கிட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமா, முழங்கால்களுக்கிடையே தலையைப் புதைத்துக்கொண்டார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. வெறியோடு வந்தவர்களை ஏமாற்றியது ஒன்றும் பெரிதில்லை. நாள்தோறும் எங்களைப் பார்க்கும் ஒருவரையே எங்கள் ஏற்பாடு ஏமாற்றிவிட்டதே! அவர் போனதும் தந்தையாரின் கையைப் பிடித்து, "பாத்தீங்களாப்பா, அவருக்கே அடையாளம் தெரியல!" என்று குதித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் அவரை அறைந்துவிட்டதைப்போல் இருந்தது. அம்மா என்னைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கப்படவில்லை. பசித்தபோது எதிர்வீட்டு அம்மையார் ஒரு தூக்கில் அவலக்கி, அதாவது தாளித்த அவல், கொண்டுவந்து கொடுத்தார்; தந்தையார் அதைத் தொடவில்லை. சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பெரியாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நால்வரும் உயிரோடு, சிறு காயமுமின்றி இருக்கிறோமே, இவர்கள் எதற்காகத் துக்கம் காக்கிறார்கள் என்று எண்ணியபடி, நான் ஒருத்தி மட்டும் வயிறார உண்டேன்.