கௌரி பாஸ் அவுட் ஆனது எப்படி

1. ஒற்றை வரி

"ப்ளீஸ் எக்ஸ்பிளெய்ன் த பாஸ்ட் அவுட்."

ஒரு புதன்கிழமை காலையில் ஈமெயிலைத் திறந்தால் இந்த ஒரு வரிதான் இருந்தது. அனுப்பியவர் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு ஃபேக்டரியின் சேஃப்டி மேனேஜர். பெயர் ஹான். வெளிநாட்டுக்காரர், இந்தியாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

நான் திருப்பதியில் ஒரு மேன்பவர் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், மாடியில் ஒரு நீள அறை. ஃபேக்டரிகளுக்கு ஆள் அனுப்புவது ஏஜென்சியின் தொழில். அந்த ஆட்களுடைய இங்கிலீஷைத் திருத்தி அனுப்புவது என் தொழில். ரெஸ்யூம், கவரிங் லெட்டர், லீவ் லெட்டர், மன்னிப்புக் கடிதம் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஜன்னலில் மலை வந்து நின்றுகொள்ளும். அதைப் பார்த்தால் எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருக்கும். அதற்காகவே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பதினெட்டு வருடமாகப் பிறருடைய வாக்கியங்களுக்கு ஃபுல்ஸ்டாப் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக இந்த மேஜைக்கு வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துத் தமிழில் வினைச்சொல் ஓர் இடத்தில் உட்காராது. போய்க்கினு இருக்கும், வந்துகினு இருக்கும், துன்னுகினு இருக்கும். அதை அப்படியே இங்கிலீஷுக்குக் கூட்டிப் போனால் எல்லா வினைக்கும் ஐ.என்.ஜி. முளைத்துவிடும். பாலசமுத்திரத்துப் பையன் ஒருவன், "ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்" என்று எழுதியிருந்தான். படிக்கிற வெள்ளைக்காரனுக்கு அவன் இரண்டு தம்பிகளைத் துன்னுகினு இருப்பதாகப் படும். 'ஹாவிங்' வேண்டாம், வெறும் 'ஹாவ்' போதும். அதேபோல நம் 'தான்' அங்கே 'ஒன்லி' ஆகிவிடும். "ஐ ஆம் ஃப்ரம் பாகாலா ஒன்லி" என்று எழுதியவரைக் கூப்பிட்டு, "வேற ஊருங்களும் உங்களைச் சொந்தம் கொண்டாடுதா?" என்று கேட்டேன். "ஆமா சார், சித்தூர்ல மாமியார் ஊடு" என்றார். 'டிஸ்கஸ்' என்று எழுதினால் பின்னாலேயே 'அபௌட்' வாலாட்டிக்கொண்டு வரும். அதையும் வெட்ட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த என் கையிலிருந்துதான் கௌரியின் கவரிங் லெட்டர் போனது.

கௌரிக்கு நகரி. வீட்டில் இரண்டு பவர்லூம். டிகிரி முடித்து, நான்கு இன்டர்வியூ தோற்று, ஐந்தாவதில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். சனிக்கிழமை மெடிக்கல், திங்கட்கிழமை ஜாயினிங். மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று விழுந்தால் இந்த வேலை மட்டும் போகாது. அந்தக் குறிப்பு எங்கள் கம்ப்யூட்டரில் ஏறும். நாங்கள் ஆள் அனுப்புகிற மற்ற ஃபேக்டரிகளும் அதைப் பார்க்கும். பிறகு அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

லெட்டரில் நான் எழுதியிருந்தது இது: "அரசுக் கல்லூரியிலிருந்து ஃபர்ஸ்ட் கிளாஸில், ஃப்ளையிங் கலர்ஸுடன் பாஸ் அவுட் ஆனேன்." எழுதியபோது எனக்கே கொஞ்சம் பெருமை.

2. விளக்கம்

ஹானின் ஒற்றை வரியைப் படித்ததும் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. டிகிரியின் மேல் சந்தேகப்படுகிறார். கோபம் வந்தது. எங்கள் முதலாளி விஜயம்மாவிடம் காட்டினேன். தெலுங்கம்மா, தமிழையும் தெலுங்கு மாதிரியே பேசுவார். என்னை மாஸ்டரு என்பார்.

"ஏமய்யா மாஸ்டரு, சர்ட்டிபிகெட்டு டூப்ளிகேட்டா?"

"ஒரிஜினல் மேடம். நானே பார்த்தேன்."

"அப்ப நல்லா ஸ்ட்ராங்கா ராசி அனுப்பு. மன ஜில்லா மானம் போகக்கூடாது."

எழுதி என்பதைத்தான் ராசி என்றார், நம்ம என்பதை மன என்று. ஸ்ட்ராங்காகவே எழுதினேன். அந்தக் கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன். இளைஞர்கள் அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

"ஐயா, பாஸ் அவுட் பற்றி எந்தச் சந்தேகமும் வேண்டாம். கௌரி பலர் முன்னிலையில் பாஸ் அவுட் ஆனார். அந்தக் கல்லூரியில் வருடந்தோறும் மே மாதம் எல்லா மாணவர்களும் ஒன்றாகப் பாஸ் அவுட் ஆவது வழக்கம். இவருடைய அண்ணனும் அங்கேயே பாஸ் அவுட் ஆனவர். சித்தப்பா மகன் மட்டும் மூன்று அரியர் இருந்ததால் பாஸ் அவுட் ஆக முடியவில்லை, குடும்பத்துக்கே அது வருத்தம். கௌரி பாஸ் அவுட் ஆனபோது பிரின்ஸிபால் மேடையில் நின்று கைதட்டினார்."

போட்டோவும் இணைத்தேன். கறுப்பு அங்கி போட்ட நாற்பது பேர், வெயிலில் கண்களைச் சுருக்கிக்கொண்டு.

மறுநாள் காலை ஃபேக்டரியின் ஹெச்.ஆர். சுகுமார் போன் செய்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து தினம் வந்து போகிறவர்.

"சார், என்ன சார் எழுதிக்கீறீங்க? மனுஷன் நேத்துலேர்ந்து சாப்பாடே துன்னலை சார்!"

"ஏன்? உண்மையைத்தானே எழுதினேன்."

"அவரு ஊர் இங்கிலீஷ்ல பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு வுழறது சார்! காலேஜ் முடிக்கறது இல்ல!"

சுகுமார் அங்கே பேப்பரை எடுத்துப் படித்தார். ஹான் கேட்டிருந்த கேள்விகள்: மே மாதம் மொத்தமாக எத்தனை மாணவர்கள் மயங்கி விழுகிறார்கள்? குடிதண்ணீரைச் சோதித்தார்களா? அண்ணனுக்கும் இருப்பதால் இது பரம்பரை நோயா? அரியர் என்பது என்ன மருந்து, அதைச் சாப்பிட்ட சித்தப்பா மகன் மட்டும் எப்படித் தப்பினார்? மயங்கும்போது கௌரிக்குத் தெரிகிற பறக்கும் நிறங்கள் எவை? கடைசிக் கேள்விக்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாராம்: பிரின்ஸிபால் ஏன் கைதட்டினார்?

"நீங்க விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே சுகுமார்? நம்ம ஆளு நீங்க."

"சொன்னேன் சார். 'உன் ரெஸ்யூமைக் கொண்டா'ன்னாரு. அதுலயும் பாஸ்ட் அவுட்டுன்னுதான் போட்டுக்கீது. என்னை இப்ப மாடிப்படி ஏற வுடமாட்றாங்க. லிஃப்ட்லதான் போய்க்கினு கீறேன். எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க சார்."

டிக்‌ஷனரியை எடுத்தேன். மயங்கி விழுதல்தான் முதலில் இருந்தது. கீழே, ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுதல் என்று ஒரு பொருள். பதினெட்டு வருடத்தில் நான் எத்தனை பேரை மயங்கி விழவைத்து அனுப்பியிருப்பேன் என்று கணக்குப் போட மனம் வரவில்லை. இந்தப் பக்கம் முழுக்க, கார்வேட்டிநகரம் முதல் தடா வரை, சர்ட்டிபிகேட்டை மார்போடு அணைத்தபடி வரிசையாகச் சாய்ந்து கிடப்பது போல ஒரு காட்சி. அதன்மேல் மெதுவாக நிறங்கள் பறந்துகொண்டிருந்தன.

3. இல்லை என்றாலும் இல்லை

உடனே திருத்தம் அனுப்பினேன். பதற்றத்தில் எழுதிய கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே உதாரணம். "முந்தைய கடிதத்தை ரத்து செய்கிறோம். கௌரி ஒருபோதும் பாஸ் அவுட் ஆனதில்லை."

ஒரு மணி நேரத்தில் ஹெச்.ஆர். பிரிவின் மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது. அந்த அம்மாள் பெங்களூருக்காரர். "கேண்டிடேட் பாஸ் அவுட் ஆகவில்லை என்று நீங்களே எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். இந்த வேலைக்கு டிகிரி கட்டாயம்."

அதாவது பாஸ் அவுட் ஆகியிருந்தால் கௌரிக்கு மெடிக்கலில் 'ஃபிட்' கிடையாது. ஆகவில்லையென்றால் டிகிரி கிடையாது. ஒரே ஃபைலில் என் இரண்டு கையெழுத்துகள், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு.

விஜயம்மா யோசித்தார். "ஆஃப் பாஸ் அவுட்டுன்னு ராசிடலாமா?"

"பாதி மயக்கம்னு ஆகிடும் மேடம்."

"அப்ப மயக்கம் போட்டுக்கினே பரீட்சை எழுதிச்சுன்னு ராயவய்யா. அனுதாபமாவது வரும்."

கௌரிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பின்னால் பவர்லூம் இரைச்சல்.

"அதான் அந்த ஃபேக்டரி நர்ஸம்மா போன் பண்ணி, வூட்ல யாருக்கெல்லாம் மயக்கம் வரும்னு கேட்டாங்களா சார்? எங்கம்மா பயந்துபோய்க் கையில கயிறு கட்டிட்டாங்க. அண்ணனுக்கும் ஒண்ணு. எங்க நைனா, 'எனக்குத் தெரியாம எப்பம்மா மயங்கி வுழுந்தே'ன்னு கேட்டுக்கினே கீறாரு."

"மன்னிச்சிடும்மா. தப்பு என்னுது."

"தப்பு யார்துன்னா இன்னா சார்? வேலை என்னுது. சனிக்கிழம நானே நேர்ல வந்து சொல்றேன். நீங்க இனிமே ஒண்ணும் எழுதாதீங்க."

4. நிற்கிற பரீட்சை

சனிக்கிழமை காலை திருப்பதியில் நான் பஸ் ஏறினேன். புத்தூரில் கௌரி ஏறினாள். சத்யவேடு ரோட்டில் இரண்டு பக்கமும் காய்ந்த புல் வெயிலைச் சுருட்டி வைத்திருந்தது. வழியெல்லாம் நான் பேச வேண்டியதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹான் மரியாதையானவர். எழுந்து நின்று வணங்கினார். ஆனால் ஃபைலில் இருப்பதை ஃபைல்தான் மாற்ற வேண்டும், அதற்கு ஒரு சோதனை உண்டு என்றார். இன்ஸ்பெக்‌ஷன் லைன் ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட கட்டம். அதற்குள் கேண்டிடேட் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். நர்ஸம்மா ஸ்ட்ரெச்சரோடு தயாராக நின்றார். சுகுமார் தள்ளி நின்று சைகையால் தைரியம் சொன்னார்.

கௌரி கட்டத்துக்குள் போய் நின்றாள். ஏஜென்சியின் சார்பில் நான் பக்கத்தில் நின்றேன். நின்றதோடு விட்டிருக்கலாம். மனப்பாடம் செய்தது வீணாகக் கூடாதே என்று பேச ஆரம்பித்தேன்.

"சார், ஷீ இஸ் நாட் ஹாவிங் எனி ஃபாலிங்," என்றேன். பதற்றத்தில் எல்லா வினைக்கும் ஐ.என்.ஜி. முளைத்துவிட்டது. "ஷீ இஸ் ஸ்டாண்டிங் ஒன்லி. டெய்லி ஷீ இஸ் ஸ்டாண்டிங்."

ஹான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ, என்னைக் கவலையோடு பார்த்தார்.

"சார், வாயை மூடிக்கினு நில்லுங்க சார்," என்றாள் கௌரி, உதடு அசையாமல்.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்று ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் மாலையில்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தகரக் கூரை. மெஷின்கள் ஒரே தாளத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஐம்பதாவது நிமிடத்தில் மஞ்சள் கோடு தரையைவிட்டு மெல்ல எழுந்தது. அதோடு ஒரு பச்சை, ஒரு ஊதா. ஃப்ளையிங் கலர்ஸ் என்று யாரோ எழுதிவைத்தது முழுப் பொய் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

மற்றதெல்லாம் சுகுமார் சொன்னது. நான் சரிந்ததும் கௌரி ஒரே எட்டில் பிடித்துக்கொண்டாளாம். தலை தரையில் படாமல் மடியில் தாங்கி, காலரைத் தளர்த்தி, நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, அதற்குப் பிறகு ஹானை நிமிர்ந்து பார்த்து என்னைச் சுட்டிக் காட்டினாளாம்.

"சார்! ஹீ பாஸ்ட் அவுட்!"

பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்தாளாம்.

"ஐ ஃபினிஷ்ட் காலேஜ்!"

ஹான் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "ஆ!" என்றாராம். மூன்று கடிதங்களும் ஒரு போட்டோவும் புரியவைக்காததை, படுத்துக் கிடந்த என்னை வைத்து அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். பிரின்ஸிபால் ஏன் கைதட்டினார் என்பதும் அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அவரும் கைதட்டினாராம்.

கண் விழித்தபோது கௌரி க்ளூக்கோஸ் தண்ணீரை நீட்டினாள். மெடிக்கல் ஃபாரத்தில் 'ஃபிட்' என்று விழுந்திருந்தது.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே சார்?"

"சொல்லும்மா."

"மூணு லெட்டர்லயும் நான் இன்னா படிச்சேன்னு நீங்க ஒருவாட்டிகூட எழுதவே இல்ல சார்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஃபர்ஸ்ட் கிளாஸ் இருந்தது, பறக்கும் நிறங்கள் இருந்தன, பிரின்ஸிபால், அண்ணன், சித்தப்பா மகன், மே மாதம் எல்லாம் இருந்தன. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இல்லை.

இந்த மேஜைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இவ்வளவுதான் உண்டு. நடந்தது எதுவோ அதை முதலில் எழுதுங்கள். ஒரு சொல் படிக்கிறவருக்கு வேறாகத் தெரிந்தால் அதற்காக வாதாடாதீர்கள், சொல்லை மாற்றுங்கள். அழகான தொடர் ஒன்று தானாகக் கைக்கு வந்தால், அதன் பொருளைப் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள்.

கிளம்பும்போது மெடிக்கல் ரெஜிஸ்டரில் கையெழுத்துக் கேட்டார்கள். அன்றைய தேதிக்கு எதிரே ஹான் தன் கையால் எழுதியிருந்தார்: "ஏஜென்சி ஸ்டாஃப் பாஸ்ட் அவுட்." பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தேன். திருத்த ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன்.