பொட்டு வைத்த இசைத்தட்டுகள்

என் அக்கா மகள் லக்சாயினி பாட்டுக் கட்டுகிறாள், பாடுகிறாள், தன் இசைத்தட்டின் உறைக்குப் படமும் தானே வரைகிறாள். எந்தக் கம்பனியும் பின்னால் இல்லை. பாதி நாள் பூக்கடையில் வேலை, மீதி நாள் கிற்றாரும் தூரிகையும். சுவிஸில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் பிறந்த பிள்ளை, தமிழிலும் பேர்ன் ஜெர்மனிலும் மாறி மாறிப் பாடுவாள். சின்ன மண்டபங்கள்தான், ஆனாலும் சனம் தேடி வருகிறது. சந்தோசமாகத்தான் இருக்கிறாள். "பிள்ளை இன்னும் ஒழுங்கான வேலை எடுக்கேல்லையோ?" என்று யாராவது கேட்டால் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஒரேயொரு குறை. அம்மா தன் படங்களை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. என் அக்கா இந்திரா அவற்றைத் தாண்டிப் போவாள், "சாப்பிட்டியோ?" என்பாள், அவ்வளவுதான்.

போன மாசியில் புது இசைத்தட்டு. ஒவ்வொரு உறையையும் லக்சாயினி கையாலேயே வரைந்தாள். முகமும் இல்லை, மரமும் இல்லை, நீலமும் சாம்பலுமாக வெறும் வண்ணங்கள். வெளியீட்டுக்கு முதல்நாள் வீட்டு ஹோல் முழுக்கப் பரப்பிக் காயவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கோவிலால் வந்த அக்கா என்ன செய்தாள் தெரியுமா? புதுக் காருக்கு வைப்பதுபோல எல்லா உறைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"உனக்கென்ன விசரோ அக்கா? பிள்ளை விக்கிற சாமானெல்லோ" என்று பாய்ந்தேன்.

"புதுச் சாமானை வெறுமனே வெளியில குடுக்கிறதோ?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

பின்னேரம் லக்சாயினி வந்தாள். ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்துப் பார்த்தாள். குங்குமம் நீலத்துக்குள் இழுபட்டது. துணியைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது.

"நான் பழுதாக்கிப்போட்டனோ பிள்ளை?"

லக்சாயினி உறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். "ஏனம்மா ஒவ்வொண்டிலயும் வேற வேற இடத்தில வைச்சிருக்கிறீங்கள்?"

"நெத்தி எங்க எண்டு பாத்துத்தானே வைக்கவேணும்? உன்ர படங்களில அதைக் கண்டுபிடிக்கிறது லேசோ? பாத்துப் பாத்தே மத்தியானம் சாப்பிடவும் மறந்துபோனன்."

லக்சாயினி அழுதாள். பிறகு சிரித்தாள். துடைத்த உறையை அக்காவிடம் நீட்டி, "இதுக்குத் திரும்ப வையுங்கோ" என்றாள்.

மறுநாள் அந்த உறைகளோடுதான் வெளியீடு. பின்பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: பாட்டு, படம் லக்சாயினி. பொட்டு இந்திரா. முன்வரிசையில் இருந்த அக்கா, மகள் பாடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்த சுவிஸ்காரிக்குத் தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.