மழை வந்தால் எழும்பாத பெட்டி

கணினி பார்க்க வருகிறவனிடம் எல்லோரும் முதலில் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." பதுளையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்கு சர்வர் பார்க்கிறவன் நான். இதே பிழைப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இதே வாழ்த்துத்தான் கிடைக்கும் என்று தெரியும். அந்த நேற்றை யாராவது ஒருநாள் என் கண்ணில் காட்டினால் போதும்.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பெட்டி ஒன்று இருக்கிறது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராவின் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கணினி அது. மேல் மலையில் வைத்த மழைமானிகளைத் தோட்டத்து ஆட்கள் பார்த்து, அளவைப் போனில் போடுவார்கள். பெட்டி கூட்டிப் பார்க்கும். அளவு மீறினால், சரிவின் அடியில் தொழிலாளர் வரிசை வீடுகளாக இருக்கும் கீழ் லயத்து எல்லாப் போனுக்கும் 'உடனே வெளியேறுங்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்பும். மழை வந்தால் முதலில் சாகிறது இணையம் என்பதால் எல்லாவற்றையும் தோட்டத்துக்குள்ளேயே வைத்தோம். அந்தச் செயலியையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாகக் கட்டிய மூட்டைக்கு எங்கள் பாஷையில் கண்டெய்னர் என்று பெயர். அது எழும்பாத நாளில் கீழ் லயத்துச் சனம் மலையை நம்பித்தான் படுக்க வேண்டும்.

இடிக்குப் பயந்தவர்கள்

முதல் ஐப்பசி மழையிலேயே கண்டெய்னர் விழுந்தது. எழும்பப் பார்க்கும், விழும், மறுபடி பார்க்கும். நடந்ததை அது எழுதி வைக்கும் பதிவைத் திறந்தால், 'ஏற்கெனவே ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான்' என்று ஒரே பல்லவி. ஓடுகிற செயலி அடையாளத்துக்கு ஒரு கோப்பை வைக்கும். ஒழுங்காக நிறுத்தினால் அதுவே அழித்துவிடும். கரண்ட் சட்டென்று போனால் கோப்பு அப்படியே கிடக்கும். அடுத்து வருகிறவன், கக்கூஸ் வாசலில் செருப்பைக் கண்டவன் போல, உள்ளே ஆள் இருக்கிறது என்று மரியாதையாகத் திரும்பிவிடுகிறான்.

சரி, கரண்ட் ஏன் போகிறது? விசாரித்தால் அந்தப் பக்கம் மின்வெட்டே இல்லை என்றார்கள். நேரில் போன பிறகுதான் விளங்கியது. புள்ளக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அக்கா, முதல் இடி கேட்டதும் மெயின் சுவிட்சை அமர்த்திவிடுகிறார். மலைநாட்டில் இது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான், என் வீட்டிலும் உண்டு. ஆக, மழை எப்போது வலுக்கிறதோ அப்போது மழை பார்க்கிற பெட்டி படுத்துவிடும். பழைய கோப்பைத் துடைத்துவிட்டு எழும்பும்படி ஒரு வரி எழுதினேன், ஒரு பெட்டரியும் வாங்கிப் பூட்டினேன். இனி மெயினை அமர்த்த வேண்டாமே என்று அக்காவிடம் பணிவாகக் கேட்டும் பார்த்தேன்.

"ஒங்க பொட்டி செத்தா நீங்க வேற கொண்டாருவீங்க தம்பி, இடி விழுந்து என் புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி கொண்டார்றது?"

சாமி அறையில் ஒரு டொங்கிள்

தீபாவளிக்கு முன்னால் மறுபடி அழைப்பு. நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்ததாம். இந்த முறை கண்டெய்னர் எழும்பக்கூட முயலவில்லை. சிம் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்புகிற டொங்கிள் குச்சி இன்ன இடத்தில் இருக்கும் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். சொன்ன சாமான் சொன்ன இடத்தில் இல்லை என்றால் அது படுக்கையை விட்டே எழும்பாது.

புள்ளக்காம்பராவுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கணினியை மேசையோடு நகர்த்திப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள், பிறந்த பிள்ளையைக்கூட அப்படிப் பக்குவமாகப் போர்த்தமாட்டார்கள். டொங்கிளை மட்டும் காணோம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரை எல்லோரும் தலைவர் என்றே கூப்பிடுவார்கள். அவர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பூசாரி கதவைத் திறந்தார். அம்மன் காலடியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு இருந்தது டொங்கிள். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. தலைவர் முகம் மாறாமல் கேட்டார்:

"கீழ் லயத்து உசுரே அதுலதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, பெறகு வேற எங்க வைக்கிறது?"

சிவநேசனின் கேள்வி

மூன்றாவது முறை விழுந்தது தோட்டத்துத் தவறே அல்ல. புதுப் பதிப்பு வந்தால் தானாக இறக்கிக்கொள்ளும்படி எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பெட்டியை ஏற்பாடு செய்திருந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். ஒரு காலையில் புதிய தரவுத்தளம் வந்து உட்கார்ந்து, பழைய தரவு தனக்குப் புரியாது என்று கதவைச் சாத்திவிட்டது. நல்லவேளை, வெயில் நாள். பழைய பதிப்பைத் தேடி இறக்கி எழுப்புவதற்குள் மத்தியானச் சோறு பின்னேரச் சோறாகிவிட்டது. பக்கத்து மேசையில் இருக்கும் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் ஊரில் சக்கரத்துக்குச் சில்லு என்று பேர்.

"ஓடுற வண்டீன்ர சில்லை ஏன் காணும் கழட்டினவங்கள்?"

இடமில்லை

போன கார்த்திகையில் பெட்டரியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடாத மழை. எங்கோ மரம் கம்பி மேல் விழுந்து ஊருக்கே கரண்ட் இல்லை. ஓடை பெருகி, கீழ் லயத்துக்குப் போகும் பாதையை மூடிவிட்டது. பேச்சு அழைப்பு எதுவும் போய்ச் சேரவில்லை, குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ நுழைந்துகொண்டிருந்தது. ஆனால் மழைக் கணக்கும் கீழ் லயத்துப் போன் எண்களும் பெட்டிக்குள்ளேதான் இருந்தன. மேல் மலையிலிருந்து அளவுகள் வந்து குவிகிற நேரத்தில் கண்டெய்னர் விழுந்தது.

பதிவில் ஒரே சொல்: இடமில்லை. பெட்டியின் வன்தட்டு நிறைந்துவிட்டது. துடைக்கக்கூடிய குப்பையெல்லாம் துடைத்தேன், போதவில்லை. மிச்சத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெரிய கோப்பு: கோயில் திருவிழா வீடியோ. டேட்டா செலவில்லாமல் எல்லோரும் போனில் பார்க்கட்டும் என்று எங்கள் அனுமதியோடுதான் ஏற்றியிருந்தார்கள். வேறு பிரதி உண்டா என்று தலைவரைக் கேட்டேன். எடுத்த ஸ்டூடியோக்காரரின் கணினி எப்போதோ பழுதாகிவிட்டதாம்.

பாக்கியம் அக்கா என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார். "தம்பி, அதுலதான் தலைவரு சம்சாரம் பால்கொடம் எடுத்துக்கிட்டு வருது. தை மாசம் தவறிப்போச்சு அது. நடமாடுற மாதிரி வேற படமே கெடையாது."

பிரதி எடுக்க நேரம் வேண்டும். பெட்டரி அதுவரை தாங்காது என்று திரையே சொன்னது. எனக்குக் கை வரவில்லை. தலைவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகக் கீழே, மூட்டத்துக்குள் தெரியாத லயத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிங்க," என்றார்.

அழித்தேன். கண்டெய்னர் எழும்பியது. கூட்டிப் பார்த்தது, அளவு எப்போதோ மீறியிருந்தது. அந்தப் பட்டியலில் சேர்த்திருந்த அக்காவின் போன் சட்டைப் பைக்குள் முனகியபோதுதான் செய்தி போய்விட்டது என்று மூச்சு விட்டேன். கீழ் லயத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டது. இருட்டுவதற்குள் மண் இறங்கி, கடைசி இரண்டு காம்பரா வீட்டின் குசினிச் சுவரை அடுப்போடு உடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது தலைவர் வழியனுப்ப வந்தார். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல், "கொஞ்சம்கூட யோசிக்காம சொல்லிட்டீங்களே தலைவரே" என்று உளறினேன். அவர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அவ பொறந்ததே கீழ் லயத்துலதான் தம்பி, அங்கன அவ தங்கச்சி புள்ளைங்க இருக்குதுங்க. நான் யோசிச்சிருந்தா அவதான் என்னை ஏசியிருப்பா."

விழுந்தால் பக்கம் பக்கமாக ஒப்பாரி வைக்கிற இந்தப் பெட்டி, எழும்பிய அன்றைக்கு மட்டும் யார் தயவில் எழும்பினேன் என்று ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை.